டிவ்வா, அரியாவா, செமான்டிக் குறிச்சொல்லா: எல்லோருக்கும் உதவும் இணையப்பக்கத்துக்கு எந்த வழி?

ஹட்டன், பண்டாரவளை, நுவரெலியா போன்ற இடங்களில் இருந்தபடியே இணையத்தளம் செய்து கொடுக்கும் இளைஞர்கள் இப்போது நம்மிடையே கணிசமாக இருக்கிறார்கள். தனியார் வகுப்பு நிலையம், கோயில் பரிபாலன சபை, தோட்டத்துக் கூட்டுறவுக் கடை, எல்ல நகர்ப் பக்கத்துச் சிறு விடுதி என்று வேலையும் வந்துகொண்டிருக்கிறது. அவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. பக்கம் கண்ணுக்கு நன்றாக இருக்கிறது. விழிப்புலனற்றோருக்கும், சுட்டியைப் பிடிக்க முடியாமல் விசைப்பலகையை மட்டும் நம்பியிருப்போருக்கும் அது பயன்பட வேண்டுமானால் எல்லாவற்றையும் செமான்டிக் எச்டிஎம்எல்லில், அதாவது இது தலைப்பு, இது பொத்தான் என்று தம் பொருளைத் தாமே சொல்லும் குறிச்சொற்களில் திருப்பி எழுத வேண்டுமா, இருக்கும் குறிச்சொற்களோடு அந்தப் பொருளைத் திரைக்குப் பின்னால் ஒட்டிச் சொல்லும் அரியா பண்புகளைச் சேர்த்தால் போதுமா, ஒரு வரி நிரலை ஒட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று விற்கிறார்களே, அதை வாங்கலாமா?

இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அவர்களின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை நாடு 2016இல் உறுதிப்படுத்தியது. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கும் எவரும் சட்டத்துக்குப் பயந்து கேட்பதாக எனக்குத் தோன்றவில்லை. தாம் செய்த பக்கத்தைத் தம் ஊர்க்காரர் ஒருவரால் பயன்படுத்த முடியாமற் போவதை நேரில் கண்டவர்களே பெரும்பாலும் கேட்கிறார்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல், திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் ஓர் உறுப்பை என்னவென்று அறிவிக்கிறது என்பது. உலாவி நம் எச்டிஎம்எல்லை வாசித்துத் திரையில் வரைவதோடு நிற்பதில்லை. அணுகல் மரம் என்ற இன்னோர் அமைப்பையும் உள்ளே கட்டுகிறது. என்விடிஏ, டோக்பேக், வொய்ஸ்ஓவர் ஆகிய திரைவாசிப்பான்கள் பக்கத்தை அறிவது அந்த மரத்தின் வழியாகத்தான். அதில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பெயர், ஒரு வகை, அப்போதைய நிலை ஆகியவை பதிவாக வேண்டும். இணையத்தின் அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜியின் 4.1.2 என்ற விதி கேட்பதும் இதையே.

இரண்டாவது, டேப், என்டர், ஸ்பேஸ் விசைகளைக் கொண்டே எல்லா வேலையையும் முடிக்க முடிகிறதா என்பது. மூன்றாவது, பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் வந்து சேராதபோது பக்கம் என்ன ஆகிறது என்பது. மழைக்காலத்தில் பொகவந்தலாவைப் பக்கம் சிக்னல் ஒரு கோடாகக் குறையும்போது பாதியில் நின்ற பக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நான்காவது, செய்வதற்கு ஆகும் நேரமும் பணமும்.

ஐந்தாவது அளவுகோலுக்கே நான் அதிக எடை கொடுக்கிறேன். நீங்கள் போனபின் அந்தப் பக்கத்தை யார் பார்த்துக்கொள்வார்கள்? தளத்தைச் செய்த பையன் ஆறு மாதத்தில் கொழும்புக்கோ கட்டாருக்கோ போய்விடுகிறான். அதன்பின் அறிவித்தலை மாற்றுவதும் புதிய பக்கம் சேர்ப்பதும் வகுப்பு ஆசிரியரின் கையிலோ கோயில் செயலாளரின் மகளின் கையிலோ வருகின்றன. அவர்கள் இருப்பதைப் பிரதி எடுத்து, எழுத்தை மட்டும் மாற்றி ஒட்டுவார்கள். அப்படிப் பிரதி எடுத்தாலும் கெட்டுப்போகாத முறை எது என்பதே நம் நாட்டு நிலைமையில் கேட்க வேண்டிய கேள்வி.

## முதல் வழி: டிவ்வும் ஸ்பானும் மட்டும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியார் வகுப்பு நிலையத்துக்கு நான் செய்த பதிவுப் படிவத்தை, உயர்தரம் படித்துக்கொண்டிருந்த விழிப்புலனற்ற மாணவர் ஒருவர் என் பக்கத்தில் அமர்ந்து நிரப்பினார். முதற் பெட்டிக்கு வந்ததும் என்விடிஏ அதைத் திருத்தும் பெட்டி என்று மட்டும் சொன்னது. பெயரா, முகவரியா என்று சொல்லவில்லை, ஏனென்றால் ‘மாணவர் பெயர்’ என்ற எழுத்தை நான் டிவ் என்ற குறிச்சொல்லுக்குள் போட்டுப் பெட்டிக்கு மேலே வைத்திருந்தேன். கண்ணுக்கு அருகில் இருந்த அந்த எழுத்துக்கும் பெட்டிக்கும் நிரலில் எந்தத் தொடர்பும் இல்லை. எல்லாவற்றையும் ஊகித்து நிரப்பிய பிறகு, பொத்தானைத் தேடி பி என்ற விசையை அழுத்தினார். அடுத்த பொத்தான் இல்லை என்று பதில் வந்தது. கீழம்பு விசையை அழுத்தி அழுத்தி ஒவ்வொரு வரியாக இறங்கியபோது, “சமர்ப்பிக்க, கிளிக்கபிள்” என்று ஒரு குரல். “இதுதானா அண்ணா?” என்று என்னிடம் கேட்டார். அவர் தனியாக இருந்திருந்தால் யாரிடம் கேட்டிருப்பார் என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

டிவ்வுக்கும் ஸ்பானுக்கும் பொருள் எதுவும் இல்லை. அவை வெறும் பெட்டிகள். ஒரு டிவ்வைப் பொத்தானாக்க வேண்டுமானால், இது பொத்தான் என்ற வகையை அரியா மூலம் சொல்ல வேண்டும். டேப் விசை அதில் வந்து நிற்கும்படி செய்ய வேண்டும். என்டரை அழுத்தும்போதும் ஸ்பேஸை விடும்போதும் இயங்கும்படி தனித்தனியாக நிரல் எழுத வேண்டும். முடக்கிய நிலையை அறிவிக்க வேண்டும். படிவத்தை அனுப்பும் வேலையையும் நாமே செய்ய வேண்டும். பட்டன் என்ற ஒரே குறிச்சொல் இவை அனைத்தையும் கையோடு கொண்டுவருகிறது, ஜாவாஸ்கிரிப்ட் வராவிட்டாலும் படிவத்தை அனுப்புகிறது.

டிவ் வழியின் மறைந்த செலவு இங்கேதான் இருக்கிறது. செய்யும்போது அது மலிவு; கற்றுக்கொள்ளவும் எதுவுமில்லை. விட்டுப்போனவை ஒவ்வொன்றையும் பின்னர் ஈடுசெய்யும்போதுதான் கணக்கு ஏறுகிறது.

இருந்தும் டிவ்வை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதற்கும், பின்னணி நிறம் கொடுப்பதற்கும், இடைவெளி விடுவதற்கும் அதுவே சரியான கருவி. பொருள் இல்லாத இடத்தில் பொருள் இல்லாத குறிச்சொல் இருப்பதுதான் முறை.

## இரண்டாம் வழி: டிவ்வின் மேல் அரியா

அரியா என்பது வேர்ல்ட் வைட் வெப் கன்சோர்ட்டியம் வெளியிட்ட தரம். அதன் 1.0 பதிப்பு 2014இலும் 1.2 பதிப்பு 2023இலும் பரிந்துரையாக வந்தன. எச்டிஎம்எல்லில் சொல்ல முடியாததைச் சொல்வதற்காக வந்த அதற்கு அதை வகுத்தவர்களே ஒரு முதல் விதி வைத்திருக்கிறார்கள்: வேண்டிய பொருளும் செயலும் உள்ள எச்டிஎம்எல் உறுப்பு ஏற்கனவே இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

அரியா அறிவிப்பை மட்டும் மாற்றும், நடத்தையை மாற்றாது. ஒரு டிவ்வுக்குப் பொத்தான் என்ற வகையைக் கொடுத்தால், திரைவாசிப்பான் அதைப் பொத்தான் என்று அறிவிக்கும். அறிவித்ததை நம்பி ஒருவர் ஸ்பேஸை அழுத்துவார். அதற்கான நிரல் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. பொத்தான் இல்லை என்று தெரிந்திருந்தால் வேறு வழி தேடியிருப்பார்; இப்போது இருப்பதாகச் சொல்லி ஏமாற்றியிருக்கிறோம். அதேபோல, தளத்தின் வழிசெலுத்தும் பட்டியலுக்கு மெனு என்ற வகையைச் சிலர் கொடுத்துவிடுகிறார்கள். அரியாவில் அந்தச் சொல் கணினி மென்பொருளின் மெனுவைக் குறிக்கிறது. அம்பு விசைகளால் நகரலாம் என்று பயனர் எதிர்பார்ப்பார். நமக்குத் தேவைப்பட்டதோ நாவ் என்ற குறிச்சொல்லும் அதற்குள் ஒரு சாதாரணப் பட்டியலும்தான்.

வெப்எய்ம் என்ற அமைப்பு ஆண்டுதோறும் பத்து இலட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கி முறையில் சோதிக்கிறது. அரியா இருந்த பக்கங்களில் சராசரியாக அதிக பிழைகள் காணப்படுவதை அது தொடர்ந்து காட்டிவருகிறது. சிக்கலான பக்கங்களிலேயே அரியா அதிகம் வருவதால் பிழைக்கு அரியாவே காரணம் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. அரியா சேர்த்தாலே பக்கம் அணுகத்தக்கதாகிவிடாது என்பதற்கு இது போதும்.

தமிழ்ப் பக்கங்களுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. அரியா மூலம் கொடுக்கும் பெயர் திரையில் தெரியாது. ஆங்கிலப் பக்கம் ஒன்றைப் பிரதி எடுத்துத் தமிழாக்கும்போது கண்ணுக்குத் தெரியும் எழுத்தையெல்லாம் மாற்றிவிட்டு, மறைந்திருக்கும் பெயரை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுகிறார்கள். தேடு என்று எழுதியிருக்கும் பொத்தான் காதுக்கு வேறொன்றாகக் கேட்கிறது. பிரதி எடுத்து ஒட்டும் கைகளில் தளம் போகும்போது முதலில் கெடுவது இந்த மறைந்த எழுத்துத்தான்.

அரியாவே சரியான இடங்களும் இருக்கின்றன. கைத்தொலைபேசியில் மெனுவைத் திறக்கும் பொத்தான் இப்போது விரிந்திருக்கிறதா சுருங்கியிருக்கிறதா என்று சொல்வதற்கும், பட்டியலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்று காட்டுவதற்கும், சுட்டிலக்கத்தைக் கொடுத்துப் பெறுபேற்றைத் தேடும்போது பக்கம் மாறாமலே வந்து விழும் விடையைக் காதுக்கு அறிவிப்பதற்கும் அதுதான் வேண்டும். வேறொருவர் செய்த பெரிய தளம் கைக்கு வந்து, அமைப்பில் கைவைக்க அனுமதி இல்லை என்றால், அப்போதும் அரியாதான் கிடைக்கும் கருவி.

## மூன்றாம் வழி: ஒரு வரி நிரலாக வாங்கும் மேலடுக்கு

பக்கத்தின் ஓரத்தில் சக்கர நாற்காலிப் படத்தோடு ஒரு வட்டம் தோன்றும். அழுத்தினால் எழுத்தைப் பெரிதாக்கலாம், நிறத்தை மாற்றலாம். நிரலைத் தொடாமலே பக்கம் தரத்துக்கு வந்துவிடும் என்று சொல்லி, சந்தாவாக டொலரில் விற்கிறார்கள். எழுத்தைப் பெரிதாக்கும் வசதி உலாவியிலும் தொலைபேசியிலும் ஏற்கனவே இருக்கிறது. திரைவாசிப்பான் பயன்படுத்துபவரிடம் அவருடைய திரைவாசிப்பான் இருக்கிறது. ‘மாணவர் பெயர்’ எந்தப் பெட்டிக்கு உரியது என்பதை வெளியிலிருந்து வரும் நிரல் ஊகிக்கத்தான் முடியும். அந்த நிரலைப் பதிவிறக்குவதற்குச் செலவாகும் டேட்டாவும் ரீலோட் போட்ட பயனரின் கணக்கில் இருந்துதான் போகிறது. இப்படியான கருவி எந்தத் தளத்தையும் வழிகாட்டிக்கு இணங்கச் செய்யும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனம் 10 இலட்சம் டொலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 2025இல் கட்டளையிட்டது. இந்த வழி சிறந்ததாக இருக்கும் ஒரு நிலைமையையும் என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை.

## நான்காம் வழி: செமான்டிக் எச்டிஎம்எல்

ஹெடர், நாவ், மெயின், ஆர்ட்டிகிள், ஃபூட்டர் ஆகிய குறிச்சொற்கள் 2014 ஒக்டோபரில் எச்டிஎம்எல்5 பரிந்துரையானதோடு தரத்தில் நிலைபெற்றன. தலைப்பு, பட்டியல், அட்டவணை, லேபல், பட்டன் ஆகியவை அதற்கும் பல ஆண்டுகள் முந்தியவை. பழைய தொலைபேசியின் பழைய உலாவிக்கும் இவை தெரியும்.

பயனில் முதலிடம் தலைப்புகளுக்கு. நீண்ட பக்கம் ஒன்றில் வேண்டியதைக் கண்டுபிடிக்க என்ன செய்வீர்கள் என்று வெப்எய்ம் திரைவாசிப்பான் பயனர்களிடம் கேட்டபோது, மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் தலைப்புகள் வழியாகத் தாவுவதாகச் சொன்னார்கள். என்விடிஏயில் எச் விசை அடுத்த தலைப்புக்குக் கொண்டுபோகும். டி விசை நாவ், மெயின் போன்ற பகுதிகளுக்கு இடையே தாவும். எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கிய டிவ், கண்ணுக்குத் தலைப்பாகத் தெரிந்தாலும் இந்தத் தாவலில் அகப்படாது.

அட்டவணையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஒரு தோட்டத்தின் கொழுந்து நிறுவைக் கணக்கை இணையத்தில் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். திகதி, காலை நிறுவை, பகல் நிறுவை, மாலை நிறுவை, பேர் (அன்றைய நாட்சம்பளப் பதிவு) என்று மேலிருந்து கீழாக ஓடும் ஐந்து நிரல்கள். டிவ்களை அடுக்கிச் செய்தால் திரைவாசிப்பான் “12, 8, 6, முழுப்பேர், 7, 4, 3, அரைப்பேர்” என்று ஒரே இழுப்பாகச் சொல்லிக்கொண்டு போகும். அந்த 3 மாலை நிறுவையா பகல் நிறுவையா என்று கேட்பவருக்குத் தெரிய வழியில்லை. தன் தாயாருக்கு ஏன் அரைப்பேர் விழுந்தது என்று பார்க்க வந்த மகனுக்கு அந்தக் கணக்கு பயனற்றது. அதையே டேபிள் குறிச்சொல்லில் எழுதி, தலைக்கட்டங்களை டீஎச் என்று குறித்து, எது நிரலுக்குத் தலை, எது நிரைக்குத் தலை என்பதையும் சொல்லிவிட்டால், கன்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு அம்பு விசையை அழுத்தி ஒவ்வொரு கட்டமாக நகரலாம். நிரல் மாறும்போது “மாலை நிறுவை, 3” என்றும், நிரை மாறும்போது திகதியும் சேர்ந்து ஒலிக்கும். ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட்டும் இதற்குத் தேவையில்லை.

படிவத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும், அதன் பெயரை அதனோடு இணைக்கும் ஒரு லேபல் இருக்க வேண்டும். பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் குறிப்பு அதற்கு ஈடாகாது. தட்டச்சு செய்யத் தொடங்கியதும் அது மறைந்துவிடுகிறது. லேபலைத் தொட்டாலும் பெட்டி தேர்வாவதால், விரல் நடுங்கும் முதியவர்களுக்கும் தொடும் இடம் பெரிதாகிறது. கேள்வி விடைகளை விரித்துச் சுருக்குவதற்கு டீட்டெய்ல்ஸ், சமரி என்ற இணை போதும். பக்கத்துக்கு மேலே திறக்கும் சாளரத்துக்கு டயலொக் என்ற குறிச்சொல் 2022 மார்ச்சிலிருந்து எல்லா முதன்மை உலாவிகளின் புதிய பதிப்புகளிலும் இயங்குகிறது. எஸ்கேப் விசையால் மூடுவதும், பின்னாலுள்ள பக்கத்துக்குக் குவியம் (விசைப்பலகை அப்போது நிற்கும் இடம்) போகாமல் தடுப்பதும் அதனுடனேயே வருகின்றன. இன்னும் மாற்றப்படாத பழைய தொலைபேசிகளில் மட்டும் அது தடுமாறும்.

இந்த வழிக்கும் மறைந்த செலவுகள் உண்டு. வாடிக்கையாளர் காட்டிய வடிவம் அப்படியே வர வேண்டுமென்றால், பட்டனுக்கு உலாவி தரும் இயல்பான தோற்றத்தை, பக்கத்தின் அலங்காரத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் முதலில் கழற்ற வேண்டியிருக்கும். செலக்ட் பட்டியலையும் திகதிப் பெட்டியையும் விரும்பியபடி அலங்கரிப்பது கடினம். பட்டியலின் புள்ளிகளை சிஎஸ்எஸ்ஸில் நீக்கினால், சஃபாரியில் வொய்ஸ்ஓவர் அதைப் பட்டியல் என்று சொல்வதையே விட்டுவிடுவதுண்டு. செக்‌ஷனுக்குள் செக்‌ஷன் வைத்தால் தலைப்புகளின் மட்டத்தை உலாவியே கணித்துக்கொள்ளும் என்று பழைய பாடங்கள் சொல்லும். எந்த உலாவியும் அதைச் செயற்படுத்தாததால் 2022இல் தரத்திலிருந்தே அது நீக்கப்பட்டுவிட்டது. மட்டங்களை நாமே ஒழுங்காக வைக்க வேண்டும், எழுத்தின் அளவு பிடித்திருக்கிறது என்பதற்காக நான்காம் மட்டத் தலைப்பை எடுத்துப் போடவும் கூடாது.

பொருத்தமற்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் இயல்பான உறுப்பும் ஆளைத் தடுக்கும். தேசிய அடையாள அட்டை இலக்கம் கேட்கும் பெட்டியை எண் வகையாகப் போட்டிருப்பதை அடிக்கடி காண்கிறேன். புதிய அட்டையில் 12 இலக்கங்கள் மட்டுமே. பழைய அட்டையிலோ 9 இலக்கங்களும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும். எண் பெட்டியில் அந்த எழுத்து ஏறாது. பழைய அட்டையை வைத்திருப்பவர்கள் வயதில் மூத்தவர்கள். அந்தப் படிவம் முதலில் வெளியே நிறுத்துவது அவர்களைத்தான். அங்கே சாதாரண எழுத்துப் பெட்டியே வேண்டும்.

## அருகருகே

| அளவுகோல் | டிவ் மட்டும் | டிவ்வும் அரியாவும் | மேலடுக்கு | செமான்டிக் |
|---|---|---|---|---|
| வகையும் பெயரும் | இல்லை | சரியாக எழுதினால் உண்டு | ஊகம் | இயல்பாகவே உண்டு |
| விசைப்பலகை | நாமே எழுத வேண்டும் | நாமே எழுத வேண்டும் | நம்ப முடியாது | உடன் வருகிறது |
| ஜாவாஸ்கிரிப்ட் வராதபோது | செயலற்றது | பெரும்பாலும் செயலற்றது | இல்லாமற் போகும் | அடிப்படை வேலை நடக்கும் |
| தொடக்கச் செலவு | மிகக் குறைவு | அதிகம் | தொடர் சந்தா | கற்கச் சில நாட்கள் |
| பிரதி எடுத்து ஒட்டினால் | குறையும் சேர்ந்து பெருகும் | விரைவில் கெடும் | மாற்றமில்லை | பெரும்பாலும் தாங்கும் |

## எந்த நிலையில் எது

புதிய தளம் என்றால் நான் தயங்காமல் செமான்டிக் எச்டிஎம்எல்லையே சொல்வேன். ஏற்கனவே டிவ்வில் இருக்கும் தளத்தை முழுவதும் பிரித்துப் போட நேரமும் பணமும் இல்லையென்றால், பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்று உலாவிக்குச் சொல்லும் மொழிக்குறியை முதலில் சரிசெய்யுங்கள். அது ஒரு வரி வேலை. பிறகு தலைப்புகள், அதன்பின் படிவத்தின் லேபல்களும் பொத்தான்களும். இந்த மூன்றையும் ஒரு சிறு தளத்தில் ஓரிரு நாளில் முடிக்கலாம். இவற்றைச் செய்தபின் எச்டிஎம்எல்லில் சொல்ல முடியாமல் எஞ்சி நிற்பவற்றுக்கு மட்டும் அரியாவை எடுங்கள். வேர்ட்பிரஸ் வார்ப்புரு ஒன்றை வாங்கித்தான் செய்யப்போகிறீர்கள் என்றால், வாங்குமுன் அதன் மாதிரிப் பக்கத்தில் சுட்டியை விட்டுவிட்டு டேப் விசையால் மட்டும் போய்ப் பாருங்கள். குவியம் எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால் அந்த வார்ப்புரு வேண்டாம்.

## எந்த வழியும் தீர்க்காதவை

மொழிக்குறியை ஏன் முதலில் வைத்தேன் என்று சொல்ல வேண்டும். நம் பக்கங்களில் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்தே வருகின்றன. பக்கம் தமிழ் என்று குறிக்காமல், வார்ப்புருவில் இருந்த ஆங்கிலக் குறியையே விட்டுவைத்தால், திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் வாசிக்க முயன்று சொற்களை விழுங்கும் அல்லது சிதைக்கும். என்விடிஏயோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் சிங்களமும் பேசும். எந்தப் பத்தி எந்த மொழி என்று நாம் சொல்லிவைத்தால்தான் அது மாறிப் பேச முடியும்.

அதைவிடக் கடுமையானது பாமினி எழுத்துரு. அச்சகங்களிலும் பாடசாலைகளிலும் இன்னும் அதில்தான் பலர் தட்டச்சு செய்கிறார்கள். பாமினியில் ‘அம்மா’ என்று திரையில் தெரிவது, கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளே. எழுத்துருவின் படம் மட்டுமே தமிழ். அப்படிப்பட்ட அறிவித்தலை எவ்வளவு அழகான செமான்டிக் குறிச்சொற்களுக்குள் வைத்தாலும், காதுக்கு வருவது பொருளற்ற ஆங்கில ஒலிதான். கூகுள் தேடலிலும் அது அகப்படாது. ஒருங்குறிக்கு (யுனிகோடுக்கு) மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை வாசித்துச் சரிபார்த்தால் போதும்.

கையெழுத்திட்ட கடிதத்தைப் படமெடுத்து அப்படியே ஏற்றும் வழக்கமும் இதே வகைதான். படம் இருக்கட்டும், அதற்குக் கீழே கூட்டம் நடக்கும் திகதி, நேரம், இடம், கொண்டுவர வேண்டிய ஆவணங்கள் ஆகியவற்றை எழுத்தாகவும் தட்டச்சு செய்துவிடுங்கள். கோயில் செயலாளரின் மகளுக்குத் தளத்தைக் கையளிக்கும் நாளில் நான் செய்து காட்டுவதும் இந்த ஒரு வேலையைத்தான்; ஓர் அறிவித்தலுக்கு ஐந்து நிமிடம் ஆகிறது.